கவர்னர் பதவிக்கு அரசியல் அனுபவமா, தொழிலில் சேர்த்த செல்வமா? எடைபோடுவது எப்படி

2010 நவம்பர் 2. கலிபோர்னியாவில் கவர்னர் தேர்தல். ஒரு பக்கம் மெக் விட்மன். ஈபே கம்பெனியில் அவர் தலைமைப் பொறுப்பேற்றபோது சுமார் 30 பேர் வேலை பார்த்தார்கள். பத்து ஆண்டு கழித்து அவர் விலகியபோது 15,000 பேர். அதுவரை எந்தத் தேர்தலிலும் நின்றவர் அல்ல. மறுபக்கம் ஜெர்ரி பிரவுன். 36 வயதிலேயே அதே மாநிலத்தின் கவர்னராகி, 1975 முதல் 1983 வரை ஆண்டவர். அப்புறம் ஓக்லண்ட் நகர மேயர், மாநில அட்டர்னி ஜெனரல். அவருடைய அப்பாவும் கவர்னராக இருந்தவர். விட்மன் தன் சொந்தப் பணத்தில் 14 கோடி டாலருக்கு மேல் இறக்கினார். 72 வயது பிரவுன் ஏறக்குறைய 13 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார்.

பணம் தோற்றது, அனுபவம் ஜெயித்தது என்று இதோடு முடித்துக்கொள்ள முடியாது. ஏனென்றால் அதே நாளில் ஃபுளோரிடாவில் ரிக் ஸ்காட் ஜெயித்தார். மருத்துவமனைகள் நடத்திப் பெரும் பணக்காரரானவர், எந்தப் பதவியிலும் இருந்ததில்லை, 7 கோடி டாலருக்கு மேல் சொந்தப் பணம் போட்டவர். அதே நாளில் மிஷிகனில் ரிக் ஸ்னைடரும் ஜெயித்தார். கேட்வே கம்ப்யூட்டர் கம்பெனியின் தலைவராக இருந்த கணக்காளர் அவர். தேர்தல் முடிவுகளை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. ஜெயித்த பிறகு அவர்கள் உட்காரும் நாற்காலி எப்படிப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும்.

அந்த நாற்காலி

அமெரிக்க மாநில கவர்னர் டெல்லி மாதிரி ஓரிடத்திலிருந்து நியமிக்கப்படுபவர் அல்ல. மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பள்ளிக்கூடம், சாலை, சிறை, மருத்துவ உதவி, மாநில வரி எல்லாம் அவர் தலையில் விழும். வேலையைப் பார்த்தால் நம் முதலமைச்சர் போலத்தான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, இந்த விஷயத்தின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. நம் ஊரில் சட்டமன்றத்தில் பெரும்பான்மை வைத்திருப்பவர்தான் முதலமைச்சர். பெரும்பான்மை போனால் பதவியும் போய்விடும். அதனால் அவர் கொண்டுவரும் பட்ஜெட் நிறைவேறுமா என்று யாரும் கவலைப்படுவதில்லை. அமெரிக்க கவர்னர் தனித் தேர்தலில் வருகிறார், சட்டமன்ற உறுப்பினர்கள் தனித் தேர்தலில் வருகிறார்கள். கவர்னர் ஒரு கட்சி, சட்டமன்றப் பெரும்பான்மை இன்னொரு கட்சி என்பது அங்கே சாதாரணம். கவர்னர் பட்ஜெட்டை முன்வைக்கலாம். பிடிக்காத மசோதாவை வீட்டோ செய்து திருப்பி அனுப்பலாம். அதிகாரிகளை நியமிக்கலாம். ஆனால் ஒரு டாலர் செலவழிக்க வேண்டுமென்றாலும் சட்டமன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாத உறுப்பினரை அவரால் வேலையை விட்டுத் தூக்க முடியாது. அந்த உறுப்பினருக்குச் சொந்தத் தொகுதி, சொந்த வாக்காளர்கள் இருக்கிறார்கள்.

கம்பெனி நடத்தியவருக்கு இது புது உலகம். அங்கே நஷ்டம் தரும் பிரிவை மூடிவிடலாம், லாபம் தராத வாடிக்கையாளரை விட்டுவிடலாம், ரொம்ப முடியாமல் போனால் திவால் மனு கொடுக்கலாம். மாநிலத்துக்கு இதில் எதுவும் நடக்காது. ஏழை நோயாளியை 'நீங்கள் எங்களுக்குக் கட்டுப்படியாகாது' என்று அனுப்ப முடியாது. அமெரிக்கச் சட்டப்படி நகரம் திவாலாகலாம், மாநிலம் திவாலாக வழியில்லை. நாட்டு அரசு போலப் பணம் அச்சிடவும் முடியாது. போதாததற்கு, ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் வரவுக்குள் செலவை அடக்கித்தான் பட்ஜெட் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

ஆக, வேட்பாளரிடம் நாம் தேட வேண்டிய திறமை இது: தன் பேச்சைக் கேட்க வேண்டிய கட்டாயமே இல்லாதவர்களைச் சம்மதிக்க வைத்து ஒரு காரியத்தை முடிப்பது. அரசியல் அனுபவம், தொழில் அனுபவம் இரண்டையும் நான் இந்த அளவுகோலால்தான் அளப்பேன்.

இல்லினாய்: இரண்டு ஆண்டு பட்ஜெட் இல்லாத மாநிலம்

2014-ல் இல்லினாய் மாநில வாக்காளர்கள் குடியரசுக் கட்சியின் புரூஸ் ரௌனரைத் தேர்ந்தெடுத்தார்கள். கம்பெனிகளை வாங்கி, சீர்படுத்தி, விற்கும் தனியார் முதலீட்டுத் தொழிலில் பெரும் பணம் சேர்த்தவர். பதவி அனுபவம் கிடையாது. அந்த மக்கள் ஏன் வெளியாளைத் தேடினார்கள் என்பதற்கு நியாயமான காரணம் இருந்தது. முன்னாள் கவர்னர் ஜார்ஜ் ரையன் ஊழல் வழக்கில் சிறை போனார். அவருக்கு அடுத்து வந்த ராட் பிளகோயெவிச் 2009-ல் சட்டமன்றத்தாலேயே பதவி நீக்கப்பட்டு, பிறகு 14 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். இருவருமே அரசியலில் ஊறியவர்கள். அனுபவசாலிகளைப் பார்த்து அலுத்துப்போன மாநிலம் அது.

ரௌனர் ஒரு திட்டத்தோடு வந்தார். தொழிற்சங்கங்களின் பிடியைத் தளர்த்துவது, சட்டமன்ற உறுப்பினர்கள் எத்தனை ஆண்டு பதவியில் இருக்கலாம் என்று வரம்பு வைப்பது, சொத்து வரியை ஏறாமல் நிறுத்துவது. இவற்றைச் செய்தால்தான் வரி உயர்வோடு கூடிய பட்ஜெட்டுக்குச் சம்மதிப்பேன் என்றார். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஜனநாயகக் கட்சியின் மைக்கேல் மேடிகன். 1983-லிருந்து, நடுவில் இரண்டு ஆண்டு தவிர, கீழவைச் சபாநாயகராக இருந்தவர். பேரம் பேசும் மேஜையில் யார் அதிக நேரம் பொறுத்திருப்பார்கள் என்ற போட்டியில் அவரை யாரும் சுலபமாக ஜெயித்ததில்லை.

தொழிலில் கெடு வைத்து நெருக்கினால் எதிராளி இறங்கி வருவார். காலம் போகப் போக அவருக்கும் நஷ்டம். மேடிகனுக்கு என்ன நஷ்டம்? அவருடைய தொகுதி பத்திரமாக இருந்தது. நஷ்டம் வேறு எங்கோ விழுந்தது. 2015 ஜூலையில் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு அந்த மாநிலத்தில் முழுமையான பட்ஜெட்டே இல்லை.

பட்ஜெட் இல்லாமல் ஒரு மாநிலம் எப்படி ஓடும்? பாதி ஓடும், பாதி நின்றுவிடும். பள்ளிகளுக்கான தொகையை மட்டும் ரௌனர் தனியாகக் கையெழுத்திட்டுவிட்டார். நீதிமன்ற உத்தரவுகளால் அரசு ஊழியர் சம்பளமும் பல மருத்துவச் செலவுகளும் போய்க்கொண்டிருந்தன. அதனால் பெரும்பாலான குடும்பங்களுக்கு உடனே சூடு தெரியவில்லை, முட்டுக்கட்டை நீண்டுகொண்டே போனதற்கு அதுவும் ஒரு காரணம். சூடு பட்டவர்கள் சத்தம் போட்டாலும் வெளியே கேட்காதவர்கள். ஏழை மாணவர்களுக்கான உதவித்தொகை நின்றது. கறுப்பின மாணவர்கள் அதிகம் படிக்கும் சிகாகோ ஸ்டேட் பல்கலைக்கழகம் 2016-ல் முந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. முதியோருக்கும் மனநலம் குன்றியோருக்கும் சேவை செய்த லூத்தரன் அமைப்பு ஒன்று, மாநிலம் பாக்கி வைத்ததால் 750 பேரின் வேலையை நீக்கியது. மாநில அருங்காட்சியகம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. லாட்டரியில் பரிசு விழுந்தவர்களுக்குக்கூட 'பிறகு தருகிறோம்' என்ற பதில்தான். முதலில் 25,000 டாலருக்கு மேல் விழுந்தவர்களுக்கு, அப்புறம் 600 டாலருக்கு மேல் விழுந்தவர்களுக்கும்.

கட்டாத பில் தொகை கடைசியில் 1,600 கோடி டாலரைத் தாண்டியது. தாமதமான பில்களுக்கு மாதம் ஒரு சதவீதம் வட்டி வேறு. மாநிலத்தின் கடன் தகுதி 'குப்பை' என்று சொல்லப்படும் தரத்துக்கு ஒரே ஒரு படி மேலே வந்து நின்றது. அதற்கு முன் எந்த அமெரிக்க மாநிலமும் அவ்வளவு கீழே இறங்கியதில்லை. 2017 ஜூலையில் சட்டமன்றமே வருமான வரியை 3.75 சதவீதத்திலிருந்து 4.95 சதவீதமாக உயர்த்தி பட்ஜெட்டை நிறைவேற்றியது. ரௌனர் வீட்டோ செய்தார். அவருடைய சொந்தக் கட்சியைச் சேர்ந்த சிலரும் சேர்ந்து ஓட்டுப் போட்டு அந்த வீட்டோவைத் தள்ளிவிட்டார்கள்.

ரௌனர் கேட்டவை எல்லாம் தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த மாநிலத்தின் ஓய்வூதியக் கடன் உண்மையிலேயே பயங்கரமானது, அது அவர் வருவதற்கு முன்பே பல பத்தாண்டுகளாக அரசியல்வாதிகள் சேர்த்து வைத்த சுமை. 2013-ல் கொண்டுவந்த ஓய்வூதியக் குறைப்புச் சட்டத்தையும் மாநில உச்ச நீதிமன்றம் 2015-ல் ரத்து செய்துவிட்டது. அரசியலமைப்பே ஓய்வூதியத்தைக் காக்கிறது என்றது தீர்ப்பு. அவர் கோளாறைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார். அதைத் தீர்க்கத் தேவையான ஓட்டுகளைத் திரட்டும் வேலையைத்தான் அவர் கற்றிருக்கவில்லை. அந்தப் பாடத்தின் கட்டணத்தை அவர் கட்டவில்லை, உதவித்தொகை நின்றுபோன மாணவர்கள் கட்டினார்கள். இந்த விஷயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளாததற்கு அதுதான் காரணம்.

மேடிகன் கதையையும் சொல்லிவிட வேண்டும். அவர் 2025-ல் ஊழல் குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, ஏழரை ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். நாற்பது ஆண்டு அனுபவம் என்பதை வெறுமனே நல்ல குணமாக எண்ணிவிடக் கூடாது.

அனுபவத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

இங்கே கலிபோர்னியாவுக்குத் திரும்பலாம். பிரவுன் பதவியேற்றபோது பற்றாக்குறை 2,500 கோடி டாலருக்கு மேல். அதற்கு முந்தைய கவர்னர் அர்னால்டு ஷ்வார்ஸ்நெகர், அவரும் வெளியாள், காலத்தில் 2009-ல் மாநிலம் பணமில்லாமல் கடன் சீட்டு கொடுத்திருந்தது. பிரவுன் பிரச்சாரத்தில் ஒரு விளம்பரம் வந்தது. ஷ்வார்ஸ்நெகர் முன்பு பேசியதும் விட்மன் இப்போது பேசுவதும் ஒன்றன்பின் ஒன்றாக, வார்த்தைக்கு வார்த்தை ஒன்றுபோல ஓடும். வெளியாள் வந்து ஒழுங்குபடுத்துவார் என்று நம்பி ஏமாந்திருந்த வாக்காளருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பதவிக்கு வந்ததும் பிரவுன் முதலில் அரசு ஊழியர்களிடமிருந்த செல்போன்களில் பாதியைத் திரும்ப ஒப்படைக்கச் சொன்னார். பெரிய தொகை இல்லை. ஆனால் வரி கேட்கப் போகிறவர் முதலில் தன் வீட்டில் சிக்கனம் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 2011 ஜூனில் தன் சொந்தக் கட்சி நிறைவேற்றிய பட்ஜெட்டை, கணக்கு சரியில்லை என்று வீட்டோ செய்தார். வரியை நீட்டிக்க எதிர்க்கட்சியிடம் ஓட்டுக் கேட்டு மாதக்கணக்கில் பேசியும் கிடைக்கவில்லை. வரி உயர்த்த மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்று 1978-லேயே வாக்காளர்கள் விதி போட்டுவிட்டார்கள். அப்போதும் கவர்னர் பிரவுன்தான். அந்த விதியை எதிர்த்து நின்று தோற்றவர். இந்தக் கதவு திறக்காது என்று தெரிந்ததும் வரி உயர்வுத் திட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விட அவர் நேராக மக்களிடம் போனார். பணக்காரர்களுக்கு மட்டும் வரி என்று போட்டித் திட்டம் வைத்திருந்த ஆசிரியர் சங்கத்தோடு பேசி இரண்டையும் ஒன்றாக்கினார். 2012 நவம்பரில் அந்தத் திட்டம் சுமார் 55 சதவீத ஓட்டில் நிறைவேறியது. அவர் 2019-ல் விலகும்போது மாநிலத்திடம் உபரி இருந்தது.

எல்லாப் பெருமையும் அவருக்கே என்று சொல்ல மாட்டேன். பொருளாதாரம் மீண்டது. பட்ஜெட்டைச் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றலாம் என்ற விதியும் அவர் ஜெயித்த அதே நாளில் மக்கள் ஓட்டால் வந்தது. இருந்தாலும் எந்தக் கதவைத் தட்டுவது, அது திறக்காவிட்டால் அடுத்தது எது என்று தெரிந்திருந்ததை அனுபவம் என்றுதான் சொல்ல வேண்டும். எத்தனை ஆண்டு பதவியில் இருந்தார் என்ற கணக்கை விட, 1978 தோல்வியிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது பெரிது.

தொழிலதிபர் நன்றாக ஆண்ட இடங்களும் உண்டு

வர்ஜீனியாவில் மார்க் வார்னர். செல்போன் தொழிலின் ஆரம்ப காலத்தில் முதலீடு செய்து செல்வந்தரானவர். 2002-ல் கவர்னரானபோது சட்டமன்றத்தின் இரு அவைகளும் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் கையில். 2004-ல் அந்தச் சட்டமன்றத்தையே வைத்து வரிச் சீர்திருத்தத்தை நிறைவேற்றினார். மந்திரம் எதுவும் இல்லை. 1989-ல் இன்னொருவரின் கவர்னர் பிரச்சாரத்தை நடத்தியவர், கட்சியின் மாநிலத் தலைவராக இருந்தவர், 1996-ல் செனட் தேர்தலில் நின்று தோற்றவர். பதவியில் இருந்ததில்லையே தவிர, அரசியலில் பயிற்சி நிறைய இருந்தது. 'தொழிலதிபர்' என்ற பட்டத்தை மட்டும் பார்த்திருந்தால் இதெல்லாம் கண்ணில் பட்டிருக்காது.

மிஷிகனின் ஸ்னைடர் கதை கனமானது. நிதி நெருக்கடியில் உள்ள நகரங்களுக்கு, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தை ஒதுக்கிவிட்டு முடிவெடுக்கும் அவசரகால மேலாளரை மாநிலம் நியமிக்கலாம் என்ற சட்டத்தை அவர் ஆட்சி பலப்படுத்தியது. 2012-ல் மக்கள் அதை ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள். அடுத்த மாதமே வேறு வடிவில் மறுபடி வந்தது. ஃபிளின்ட் நகரம் அப்படிப்பட்ட மேலாளரின் கீழ் இருந்தபோது, செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில் குடிநீர் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டது. குழாய் அரிக்காமல் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் நீரில் கரைந்தது. அந்த அக்டோபரில், உதிரிபாகங்கள் அரிக்கின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின் தொழிற்சாலைக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லி மாறிக்கொண்டது. இரும்பை அரித்த அதே தண்ணீரைக் குடும்பங்கள் அதற்குப் பிறகும் ஏறக்குறைய ஒரு வருடம் வாங்கிக் குடித்தன.

மாநிலச் சுற்றுச்சூழல் துறை அதிகாரிகளின் தவறும் இதில் பெரிது. அவர்கள் தொழிலதிபர்கள் அல்ல. ஸ்னைடர் காலத்தில்தான் டெட்ராய்ட் நகரம் திவாலிலிருந்து ஒழுங்காக மீண்டது என்பதும் உண்மை, அங்கே அவருடைய கணக்குப் புலமை பயன்பட்டது. ஆனால் 'தண்ணீர் நாறுகிறது' என்று கத்தும் மக்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டிய ஆளை நிர்வாகத்திலிருந்து எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை ஃபிளின்டைப் போல வேறெதுவும் காட்டவில்லை. செலவுக் கணக்கு உடனே தெரியும். ஈயம் தெரிய மாதங்கள் ஆகும்.

அந்தப் பணம் என்ன வாங்கித் தருகிறது

வேட்பாளர் தன் சொந்தப் பணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தனக்காகச் செலவழிக்கலாம், அதற்கு வரம்பு போட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976-ல் தீர்ப்பளித்தது. பெயர் தெரியாத ஒருவரை ஆறு மாதத்தில் மாநிலம் முழுக்கத் தெரியவைக்க இந்தப் பணம் உதவும். ஒருமுறை எல்லோருக்கும் தெரிந்த பிறகு, அடுத்த கோடி விளம்பரத்துக்கு அவ்வளவு பலன் இல்லை. விட்மன் கோடை முழுக்க விளம்பரம் கொட்டினார். ஏற்கனவே எல்லோருக்கும் தெரிந்த பிரவுன் பணத்தை மூடி வைத்து செப்டம்பரில்தான் இறக்கினார். பிரவுனுக்காகத் தொழிற்சங்கங்கள் செலவு செய்தன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

'என்னிடம் பணம் இருக்கிறது, யாருக்கும் கடமைப்படவில்லை' என்பது பணக்கார வேட்பாளர்களின் வழக்கமான வாதம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. இல்லாத பாதியையும் பாருங்கள்: யாரிடமும் கை ஏந்தாதவருக்கு, யார் பேச்சையும் பொறுமையாகக் கேட்டுப் பழக்கமும் இல்லாமல் போகலாம். பணம் எப்படி வந்தது என்றும் கேட்க வேண்டும். கம்பெனியைக் கட்டியா, வாங்கி விற்றா, பரம்பரையாகவா? ரிக் ஸ்காட் தலைமை தாங்கிய மருத்துவமனை நிறுவனம், அவர் விலகிய பிறகு, அரசு மருத்துவத் திட்டங்களில் நடந்த மோசடிக்காக மொத்தம் 170 கோடி டாலர் கட்டியது. அவர் மேல் குற்ற வழக்கு போடப்படவில்லை. அது தெரிந்தும் ஃபுளோரிடா அவரை ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டிய வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தது.

2018-ல் ரௌனரைத் தோற்கடித்தவர் இன்னும் பெரிய பணக்காரர்: ஹயாத் ஹோட்டல் குடும்பத்தின் ஜே.பி. பிரிட்ஸ்கர். சொந்தப் பணம் 17 கோடி டாலருக்கு மேல் போட்டு, விட்மனின் செலவையே முந்தினார். அவருக்கும் கவர்னர் ஆகும்வரை எந்தத் தேர்தல் பதவியும் இல்லை. ஆனால் சட்டமன்றம் அவருடைய கட்சியின் கையில் இருந்தது, பட்ஜெட்டுகள் நேரத்துக்கு வந்தன, கடன் தகுதி 2021-லிருந்து ஏறத் தொடங்கியது. அதே பிரிட்ஸ்கர் 2020-ல், அதிக வருமானத்துக்கு அதிக வரி என்ற திருத்தத்துக்குத் தன் பணத்தையும் சேர்த்துப் போட்டுப் பிரச்சாரம் செய்தும் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். ரௌனரும் இவரும் இருவருமே செல்வந்தர்கள், இருவருமே புதியவர்கள். வித்தியாசம் யாரோடு சேர்ந்து வேலை செய்ய முடிந்தது என்பதில் இருந்தது.

அதனால் ஒரு வேட்பாளரை எடைபோட உட்காரும்போது, அவர் பெயருக்கு முன்னால் உள்ள பட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு அவருடைய வாழ்க்கையில் ஒரு சம்பவத்தைத் தேடுங்கள். தன்னால் வேலையை விட்டு நீக்க முடியாத, தன்னோடு ஒத்துப்போகாத ஆட்களை வைத்து அவர் எதையாவது செய்து முடித்திருக்கிறாரா? அது நகர மன்றமாக இருக்கலாம், பள்ளி நிர்வாகக் குழுவாக இருக்கலாம், தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தமாகவும் இருக்கலாம். தொழிலதிபருக்கும் அப்படி ஒன்று கிடைக்கும். முப்பது ஆண்டு பதவியில் இருந்தவருக்குச் சில சமயம் கிடைக்காது. அப்புறம் விவாத மேடையில் 'வரியைக் குறைப்பேன், பள்ளிகளுக்கு அதிகம் தருவேன்' என்று அவர் சொல்லும்போது இரண்டு கேள்விகள் போதும்: எதற்கான தொகையை வெட்டுவீர்கள்? சட்டமன்றத்தில் அதற்கு எதிர்க்கட்சியில் யார் யார் ஓட்டுப் போடுவார்கள், அவர்களோடு இதுவரை பேசியிருக்கிறீர்களா?